அக்கா இறந்துவிட்டதாக ஒரு மொழிபெயர்ப்பு

1

லீட்ஸில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை.

உண்மையில் நான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பதை நோயாளிக்குத் தமிழில் சொல்லி, நோயாளி தமிழில் சொல்வதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சில நாள் நேரில், சில நாள் வீட்டிலிருந்தபடியே போனில். என்னை அதிகம் கூப்பிடுவது மனநல மருத்துவர்கள்தான். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன்.

இங்கே வருகிற தமிழர்களில் பாதிக்கு மேல் இலங்கைக்காரர்கள். அவர்கள் தமிழுக்கும் என் தமிழுக்கும் நடுவிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்குப் போனில் மொழிபெயர்த்தேன். டாக்டர், "குரல்கள் ஏதும் கேட்கிறதா?" என்று கேட்டார். யாரும் இல்லாதபோது காதில் விழுகிற குரல்களைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டதை அப்படியே கேட்டு வைத்தேன். பெரியவர், "ஓம், வடிவாக் கேக்குது" என்றார். நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் ஆமாம் என்று மொழிபெயர்த்தேன். டாக்டர் அடுத்தடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். ஒரு சொல்லில் ஒரு மனிதருக்கு இல்லாத நோயை நான் கொடுத்திருப்பேன். அன்றிலிருந்து சொல்லுக்குப் பயப்படுகிறேன்.

வேறொன்றும் கற்றுக்கொண்டேன். நம் ஆட்கள் யாரும் மனசு சரியில்லை என்று வந்து உட்காருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, சோறு இறங்கவில்லை, உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றுதான் வருவார்கள். எல்லா ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். கடைசியில் யாராவது பொறுமையாக, "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால், அழுகை வரும். கூடவே விஷயமும் வரும்.

2

போன மார்ச் மாதத்தில் மீனாட்சியக்கா ஒரு உறையோடு வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் கம்பம். எனக்குச் சின்னமனூர்ப் பக்கம். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை எங்கள் இரண்டு குடும்பங்கள்தான். அதனால் வருஷத்தில் நாலு தடவை பார்த்தாலும் நெருங்கிய சொந்தம் மாதிரி.

அவர் மகன் அரவிந்துக்குப் பெண் நிச்சயமாகப் போகிறது. பெண் கட்டப்பனையில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம், பூர்வீகம் போடி. அரவிந்தும் அவளும் ஒரு வருடமாகப் பேசிப் பழகி, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போயிருக்கிறது. விசாவுக்கு இப்போதே தாள்களைத் தயார் பண்ணச் சொல்லியிருக்கிறார் வக்கீல். பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறதாம். அதோடு நோட்டரி முத்திரை வைத்த தாள் ஒன்றும் இருக்கிறதாம்.

"பாவம், அம்மா இல்லாத பிள்ள. பிரசவத்துலயே போயிட்டாகளாம். சித்திக்காரிதான் வளத்தாகளாம், நல்லாத்தான் வளத்திருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடித்து, டீ போட்டுக்கொண்டு, உறையைப் பிரித்தேன். பிறந்த இடம்: அரசு மருத்துவமனை, உத்தமபாளையம். தந்தை பெயர்: சௌந்தரபாண்டி. தாய் பெயர்: மல்லிகா.

சான்றிதழில் போட்டிருந்த தேதியில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றேன். எனக்குப் பதினெட்டு வயது. துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்த பிள்ளையை முதலில் வாங்கியது என் அம்மா, அடுத்து நான். மல்லிகா என் அக்கா.

இரண்டாவது தாள் சௌந்தரபாண்டியின் உறுதிமொழி. மேற்படி என் மனைவி மல்லிகா பிரசவத்தின்போது இறந்துவிட்டார் என்று முத்திரைக்கு மேலே கையெழுத்துப் போட்டிருந்தான். மரியாதைக்கு, போட்டிருந்தார் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை.

அன்று காலையில்தான் அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் திராட்சைக் கொடியின் படம் அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை குலை சிறுத்துப்போய்விட்டது என்று குரல் செய்தி வேறு. திராட்சை அறுவடைக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போவது அவள் வேலை. இருபது பெண்களுக்கு அவள்தான் தலைமை. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் தோட்டக்காரர்கள் அவளுக்குத்தான் முதலில் போன் போடுவார்கள்.

மொழிபெயர்ப்பின் கடைசியில் நான் ஒரு வரி எழுதியாக வேண்டும். இது உண்மையான, பிழையற்ற மொழிபெயர்ப்பு என்று உறுதி கூறுகிறேன். கீழே என் பெயர், தேதி, கையெழுத்து. என் அக்கா செத்துப்போனாள் என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

டீ ஆறிப்போனது. எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். இருபத்தைந்து வருடமாகக் கையில் சிக்காதவன், தானாக வந்து என் மேஜையில் விழுந்திருக்கிறான்.

3

நடந்தது இதுதான்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அக்கா தூங்கவில்லை. முதலில் பால் கொடுக்கிற அசதி என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் மடமடவென்று பேச ஆரம்பித்தாள். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் தொடர்பு இல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்றாள். குடத்துத் தண்ணீரில் யாரோ மருந்து கலந்திருக்கிறார்கள் என்று குடத்தைக் கவிழ்த்தாள். என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்டாள்.

இதற்குப் பெயர் உண்டு, மருந்து உண்டு என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு, அபூர்வமாகச் சில பெண்களுக்கு இப்படி வரும். திடீரென்று வரும், கடுமையாக வரும், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அவசரம். சரியாகக் கவனித்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியாததை நான் குற்றம் சொல்லவில்லை. எங்களுக்கும்தான் தெரியாது. நான் குற்றம் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை.

சௌந்தரபாண்டியும் அவன் அம்மாவும் காரில் வந்து, உங்கள் வீட்டில் வைத்துத்தான் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி அக்காவையும் பிள்ளையையும் போடிக்குக் கூட்டிப்போனார்கள். பேயோட்டுகிற கோடாங்கி வந்தான். வேப்பங்குழையால் அடித்தார்கள். அடங்கவில்லை என்று ஏலக்காய் மூட்டை அடுக்குகிற அறையில் பன்னிரண்டு நாள் போட்டுப் பூட்டினார்கள். பால் கட்டி, காய்ச்சல் கண்டு, மார்பெல்லாம் கல் மாதிரி ஆன பிறகு, பதின்மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பிள்ளை இல்லாமல்.

அப்பா அவளை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு மாதத்தில் அக்கா அக்காவாகத் திரும்பி வந்தாள். முதலில் கேட்டது, "எம் பிள்ள எங்கன?"

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, அக்கா தீர்த்துக்கொண்டதாகவும் பிள்ளை அப்பனுக்கே என்றும் ஒரு தாள் எழுதியிருந்தார்கள். மாத்திரை மயக்கத்தில் இருந்த அக்காவிடமிருந்து எப்போதோ வாங்கிய கையெழுத்து அதில் இருந்தது. அப்பா பேரப்பிள்ளையைக் கேட்டு மூன்று தடவை போடிக்கு நடந்தார். மூன்றாவது தடவை நானும் போனேன். பத்து ஆட்கள் நடுவில் சௌந்தரபாண்டி சொன்னான்: "பைத்தியத்துக்கிட்ட பச்சப் பிள்ளையக் குடுக்கச் சொல்லுறீகளா?" அங்கே இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் எழுந்து வந்தோம். கொஞ்ச நாளில் அவன் வீட்டை மாற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம், கட்டப்பனைக்குப் போய்விட்டான். இன்னொரு கல்யாணமும் ஆனது.

அப்பா கோர்ட்டுக்குப் போயிருப்பார். போகவில்லை. காரணம் நான்தான். கேஸ் என்று போனால் அக்காவின் கதை சந்தி சிரிக்கும், அடுத்தவளை யார் கட்டுவார்கள் என்று சொந்தக்காரர்கள் அப்பாவை உட்கார வைத்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அக்காவைக் கடமலைக்குண்டில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அவளே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். என் தலையில் பூ வைத்துவிட்டுத்தான் போனாள். மூன்று வருடம் கழித்துத்தான் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டு நலம் விசாரித்தார். அவ்வளவுதான். அதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

அக்கா ஏலக்காய் போட்ட டீயைத் தொடமாட்டாள். நான் இங்கே பாயசத்துக்கும் ஏலக்காய் போடுவதில்லை. என் மகளுக்கு அந்த வாசனையே தெரியாது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் சௌந்தரபாண்டியோடு மனசுக்குள் சண்டை போடுவேன். அந்தப் பத்து ஆட்கள் நடுவில் அன்றைக்குப் பேச வராததை எல்லாம் பேசுவேன். இருபத்தைந்து வருடம் பேசியும் எனக்குச் சலிக்கவில்லை.

4

பிறப்புச் சான்றிதழை மட்டும் மொழிபெயர்த்தேன். பிறகு மீனாட்சியக்காவுக்கு ஒரு செய்தி எழுதினேன். அழித்து அழித்து, கடைசியில் மிகச் சுருக்கமாக வந்தது: "அக்கா, இந்தச் சம்பந்தம் வேண்டாம். பெண்ணின் அம்மா சாகவில்லை. பைத்தியம். அப்பன் மறைக்கிறான்."

இந்த நாலு வரி போதும். கல்யாணம் நிற்கும். ஏன் நின்றது என்று கம்பத்திலிருந்து கட்டப்பனை வரைக்கும் பரவும். அவன் எந்தச் சொல்லை வைத்து என் அக்காவின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினானோ, அதே சொல் அவன் வீட்டு வாசலில் போய் உட்காரும். அனுப்பாமல் வைத்துக்கொண்டே, பலகாரத்தைத் தின்னாமல் வைத்திருக்கிற குழந்தை மாதிரி, திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. என் மகள் யாழினி நியூகாசிலில் படிக்கிறாள். வாரம் ஒரு தடவை பேசுவாள், அதுவும் பத்து நிமிடம், ஆங்கிலத்தில். தமிழில் அவளுக்கு வருவது சாப்பாடும் திட்டும்தான். அன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. மூன்று மாதமாகத் திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறதாம். நெஞ்சு அடித்துக்கொண்டு, செத்துவிடுவோம் என்கிற மாதிரி வருகிறதாம். ஒரு தடவை பஸ்ஸில், ஒரு தடவை பரீட்சை அறையில். டாக்டரைப் பார்த்திருக்கிறாள். பதற்ற நோய் என்று சொல்லி ஒரு ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார்கள். நாலு தடவை போயும் வந்துவிட்டாள். இவ்வளவும் எனக்குச் சொல்லாமல். ஊரெல்லாம் போய் மற்றவர்களின் மனக்கஷ்டத்தை மொழிபெயர்க்கிற எனக்கு.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் அழுவீர்கள், அப்புறம் யாரிடமும் சொல்லாதே என்பீர்கள்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

பிறகு, அவள் போன் போட்ட காரணத்தைக் கேட்டாள். ஆலோசகர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும்?

"யாருக்கும் இல்லை" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாக்கு தானாகச் சொன்னது.

போனை வைத்த பிறகு சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். சௌந்தரபாண்டி ஒரு தாளில் எழுதிய பொய்யும் நான் இன்னொரு தாளில் எழுதச் சொன்ன பொய்யும் ஒரே பெண்ணைப் பற்றியவை. அவன் அவளைச் சாகடித்தான். நான் அவள் பிறக்கவே இல்லை என்றேன்.

மறுபடி யாழினிக்குப் போன் போட்டேன். பெரியம்மாவின் கதை முழுவதையும், தெரிந்த ஆங்கிலத்தில், உடைந்து உடைந்து சொன்னேன். தொழிலுக்கு வைத்திருக்கிற ஆங்கிலம் எதுவும் அன்று உதவிக்கு வரவில்லை. அவள் கடைசிவரை குறுக்கிடவில்லை. பிறகு, தட்டுத்தடுமாறித் தமிழில், "பெரியம்மா என்னைப் பாக்கும்போதெல்லாம் தூங்குறியா, தூங்குறியான்னு கேப்பாங்க. அதுக்குத்தானா?" என்றாள்.

அந்த நாலு வரிச் செய்தியை அழித்தேன். மனசு மாறி அழித்தேன் என்று நினைக்க வேண்டாம். அவனை அடிக்க அது சரியான கம்பு இல்லை என்று தோன்றியது. அந்த அடி அவன் மேல் விழுமுன் அக்கா மேலும் அவள் பெற்ற பிள்ளை மேலும் விழும்.

5

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில், அங்கே பிற்பகல், வேலை முடிந்து திரும்புகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். சொன்னேன். பிள்ளையின் பெயர் கீர்த்தனா என்றேன். படத்தையும் அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த படம்.

தூரத்தில் பெண்கள் கூடையை அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா பூங்கொடி, அவளும் பிள்ள பெத்தா மொத மாசம் பாத்து இருக்கணும்னு? எனக்கு வந்தது அவளுக்கும் வரலாம்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. யாரு அவகிட்டச் சொல்லுவா?"

நான் அவனைப் பழிவாங்க இருபத்தைந்து வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா இந்த ஒரு கவலையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. உனக்கு அவன் மேல் கோபமே இல்லையா என்று கேட்டேன்.

"இல்லன்னு யாரு சொன்னா? நெறயா இருக்கு. அது ஏங் கோவம். நீ எடுத்துச் செலவழிக்காத."

அப்பா இறந்த வருடம் அக்காவுக்கு மறுபடி மனசு தளர்ந்தது. எதிலும் பிடிப்பில்லாமல் நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்போது தேனி அரசு ஆஸ்பத்திரிக்கு அவளே பஸ் ஏறிப் போய், அவளே சீட்டு வாங்கி, அவளே டாக்டரிடம் தன் கதையைச் சொன்னாள். அவள் கூட்டிப்போகிற பெண்களில் யாராவது சோர்ந்து கிடந்தால் இப்போது அவள்தான் கைபிடித்து அழைத்துப்போகிறாள். நான் இங்கே காசுக்குச் செய்கிற வேலையை அவள் அங்கே சும்மா செய்கிறாள்.

சௌந்தரபாண்டிக்கு நான் ஒரு போன் போடலாமா என்று அனுமதி கேட்டேன். "பேசு. ஆனா அந்தப் பிள்ளையோட கல்யாணத்த வச்சு மெரட்டாத" என்றாள்.

6

நம்பர் உறையிலேயே இருந்தது. மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தான்.

"மச்சான், நான் பூங்கொடி பேசுறேன். மல்லிகாவோட தங்கச்சி."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அவசரப்படவில்லை. நோயாளிகள் பேசுகிறவரை காத்திருந்து பழகியவள் நான். ஆனால் அன்று காத்திருந்தது அவன் தவிப்பை ரசிப்பதற்காக. ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் தாள் என் கையில் இருக்கிறது, என் அக்கா செத்துப்போனதாக நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம் என்றேன். அவன் முதலில் கோபப்பட்டான். பிறகு கெஞ்சினான். அந்த வயதில் பயந்துவிட்டேன், அம்மா பேச்சைக் கேட்டுவிட்டேன், பிள்ளைக்கு விவரம் தெரிந்து கேட்டபோது அப்படிச் சொல்லிவிட்டேன், பிறகு மாற்ற முடியவில்லை என்றான். இரண்டாவதாகக் கட்டியவளிடமும் செத்துப்போனாள் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"கல்யாணம் நின்னுரும் தாயி. ஓங் கையப் பிடிச்சுக் கேக்குறேன்."

"நிக்காது. நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல. நீங்கதான் சொல்லப்போறீக. ஒங்க மககிட்ட, ஒங்க வாயால. ஒன்னப் பெத்தவ உசுரோட இருக்கா, அவளுக்கு வந்தது நோய், அவள ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனது நான்னு. இந்த மூணையும் சொல்லணும். ஒண்ணுகூடக் கொறையக் கூடாது."

ஒரு வாரம் கேட்டான். கொடுத்தேன். அந்த ஏழு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். அவன் தூங்கியிருக்கமாட்டான் என்கிற நினைப்பே போதுமாக இருந்தது.

எட்டாம் நாள் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. சொல்ல முடியவில்லையாம். வாயைத் திறந்தால் நெஞ்சு அடைக்கிறதாம். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்துச் சொல்கிறானாம்.

அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன்.

7

மூன்றாம் நாள் அக்கா கிளம்பிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. விலாசத்தை மட்டும் முன்பே என்னிடம் வாங்கி வைத்திருந்தாள். ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்பில் குமுளிவரை போய், அங்கிருந்து பஸ்ஸில் கட்டப்பனை. ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மதுரையில் சேர்த்த நாளிலிருந்து எல்லாவற்றையும், ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறாள். சௌந்தரபாண்டி கடையில் இருக்கிற நேரம் என்று தெரிந்துதான் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது கீர்த்தனா. அக்கா என்னிடம் பிறகு சொன்னாள்: "ஏம் மூஞ்சியே எனக்குக் கதவு தெறந்துச்சு."

அவள் அங்கே என்ன பேசினாள் என்று முழுதாகச் சொல்லவில்லை. கீர்த்தனா எனக்குப் பிறகு கொஞ்சம் சொன்னாள். யாரோ வேலை கேட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். அக்கா உட்காரவில்லை. நான் மல்லிகா, உன்னைப் பெத்தவ, நான் சாகல, சீக்கா இருந்தேன், இப்ப நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் பையை மேஜையில் வைத்தாளாம். நீ என்னைய அம்மான்னு கூப்பிட வேண்டியதில்ல, ஆனா இந்தச் சீட்டையெல்லாம் உன் டாக்டர்கிட்டக் காட்டணும் என்றாளாம். உள்ளேயிருந்து வந்த சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து அக்காவுக்கு நாற்காலி போட்டாராம். மதியம் வரை மூன்று பேரும் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சௌந்தரபாண்டி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மூன்று பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். கீர்த்தனா அவனிடம் கேட்டது இரண்டே கேள்வி. அம்மாவை அடைத்து வைத்த பன்னிரண்டு நாளும் என்னை எங்கே வைத்திருந்தீர்கள்? பக்கத்து அறையில் என்றானாம். நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்குமா?

அன்று மாலை கீர்த்தனா ஒரு துணிப்பையோடு அக்காவுடன் பஸ் ஏறிவிட்டாள். வழியில் அரவிந்துக்குப் போன் போட்டு அவளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்கும் போட்டாள். மலையாள வாடை அடிக்கிற தமிழ். "சித்தி, நீங்க அந்தத் தாள எழுதாம இருந்தீங்கல்லே, அது எனக்கு மனசிலாச்சு" என்றாள். என்னை இதுவரை யாரும் சித்தி என்று கூப்பிட்டதில்லை.

8

மீனாட்சியக்கா கோபமாக வந்தார். உனக்குத் தெரிந்தும் என்னிடம் மறைத்தாயே என்றார். நியாயமான கோபம். பிறகு கேட்டார், இது பரம்பரையாக வருமா?

வரலாம், வராமலும் போகலாம் என்றேன். கீர்த்தனாவுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால் கர்ப்பமானவுடன் டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு அவள் தூங்குகிறாளா என்று வீட்டில் பார்க்க வேண்டும், வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் அன்றே கூட்டிப்போக வேண்டும். வந்தால் வைத்தியம் இருக்கிறது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இதையெல்லாம் எத்தனையோ டாக்டர்களுக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். என் சொந்தச் சொல்லாகச் சொன்னது அன்றுதான். மீனாட்சியக்கா எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் போனே இல்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, வேறெதுவும் பேசாமல், "பத்திரிக்க அடிக்கக் குடுக்கணும். ஒங்க அக்காவுக்கு இனிஷியல் என்ன?" என்று கேட்டார்.

ஆவணியில் சின்னமனூரில் கல்யாணம். நாங்கள் மூவரும் போனோம். யாழினி பெரியம்மாவோடு ஒட்டிக்கொண்டு திரிந்தாள். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க மேடையில் அக்காவும் வளர்த்த சித்தியும் நின்றார்கள். கீர்த்தனாவின் முடிவு அது. சௌந்தரபாண்டி கீழே நாலாவது வரிசையில், ஓர நாற்காலியில். அன்றைக்கு அப்பாவோடு நாங்கள் எழுந்து வந்தபோது கூட்டத்தில் இருந்த ஆட்களில் இரண்டு பேர் அங்கேயும் இருந்தார்கள். அவர்கள் அவனைப் பார்ப்பதையும் அவன் தரையைப் பார்ப்பதையும் நான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வயிறு நிறைந்தது மாதிரி இருந்தது.

பந்தி நடக்கும்போது அவன் என்னிடம் வந்தான். சட்டைக்குள் உடம்பே இல்லை.

"தூக்கமே வரமாட்டேங்குது ஆத்தா. விடியாமலே முழிப்பு வந்துருது. சோறு எறங்கல. ஏலக்கா ஏலத்துக்குப் போயி மாசக்கணக்காச்சு. எதுலயும் மனசு போகல. எதுக்கு இருக்கோம்னு இருக்கு. சாமி குத்தம்தானே?"

சாமி குத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். இங்கே இப்படிப்பட்டவர்களிடம் டாக்டர்கள் கேட்கிற கேள்விகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் நான் கேட்காமலே அவன் பதில் சொல்லிவிட்டான். கேட்க வேண்டிய முக்கியமான ஒன்று மிச்சம் இருந்தது: செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? முன்பின் தெரியாத நூறு பேரிடம் அதைக் கேட்டிருக்கிறேன். அவனிடம் கேட்கவில்லை.

"சாப்பிட்டுப் போங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

லீட்ஸ் வந்து மூன்று வாரமாகிறது. அந்தக் கேள்வி என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. பழிவாங்கியது எனக்கு வருத்தம் தரவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. இன்னும் இனிக்கிறது. ஆனால் ஒருவனை நோயோடு பூட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடமிருந்து நான் கற்றுக்கொள்ள விரும்பவில்லை. நேற்று கீர்த்தனாவைக் கூப்பிட்டு, அப்பாவைத் தனியாக விடாதே என்றேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிற இதை அனுப்பிவைக்கிறேன், அவரிடம் படித்துக் காட்டு என்றும் சொல்லியிருக்கிறேன். அதனால் மிச்சத்தை நேராகவே எழுதுகிறேன்.

மச்சான், உங்களுக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய். தேனி அரசு ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். சாகத் தோன்றினால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் அக்கா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் என்றால் வந்திருக்கமாட்டேன். மாத்திரை வேலை செய்ய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். நடுவில் நிறுத்தாதீர்கள்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. மருந்துக்கு அது தேவைப்படாது.